இந்த ஆடிக்குக் கெடா இல்லை

கணபதி, கோயம்புத்தூர்
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மதிக்கு,

செவ்வாய்க்கிழமை நம் வீட்டு முன்னறையில் நான் சொல்லாமல் விட்டது ஒரே ஒரு வாக்கியம். அதை உனக்கு மட்டும் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் அம்மா கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். நன்றாகத் தூங்குகிறாயா, மாத்திரை இரண்டு வேளையும் தவறாமல் உள்ளே போகிறதா, மொஹாலி ரொட்டியோடு உன் வயிறு ஒருவழியாகச் சமாதானம் செய்துகொண்டதா. இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனதைப் பற்றி இந்தக் கடிதம் முடியும்போது நீயே தெரிந்துகொள்வாய். தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், நானும் போடுகிறேன், அப்புறம் நாம் மூன்று பேரும் மழையையும் சாப்பாட்டையும் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். அதனால் சிங்காநல்லூரில் என் பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிள்ளைகளுக்குப் பரீட்சை நடக்கிறது, இந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள்.

ஜூனில் நீ விடுதிச் சாப்பாட்டு அறையில் விழுந்தாய் என்று உன் அறைத்தோழி அக்ஷிதா போன் செய்தபோது எடுத்தது அப்பா. அந்தப் பெண் எவ்வளவு நிதானமாகச் சொன்னாள் தெரியுமா, ஆன்ட்டியிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி, ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாயில் எதையும் திணிக்கவில்லை, இப்போது எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவளுக்கு என் நன்றியைச் சொல், பார்சலில் இருக்கும் பருப்புப்பொடியில் பாதி அவளுக்கு. ஆனால் இந்த வீட்டில் அன்றைக்கே வேறு வேலை ஆரம்பித்துவிட்டது. அப்பா சத்தியமங்கலத்துக்கு அத்தையிடம் பேசினார். அத்தை அங்கிருந்தே, போய்க் கூட்டிட்டு வந்துபோடு மோகனு, படிச்சது போதும், ஊட்டுல இருந்தா நாலு கண்ணு பாத்துக்கும் என்று சொல்லிவிட்டார். அப்பா உன்னிடம் வருவதற்கு டெல்லி ரயிலுக்கு டிக்கெட் போட்டார். போகும்போது ஒன்று, வரும்போது இரண்டு. உன்னிடம் இதைச் சொல்லவில்லை, சும்மா பார்க்க வருகிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறார், இல்லையா. வருகிறவருக்குத் திரும்புவதற்கு இரண்டு டிக்கெட் இருக்கிறது கண்ணு. இங்கிருந்து கிளம்புவது வருகிற வியாழக்கிழமை ரயிலில்.

உனக்கு எட்டு வயதில் முதல் தடவை வலிப்பு வந்தது அத்தை வீட்டில்தான், ஞாபகம் இருக்காது. அத்தை உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு செருப்புகூடப் போடாமல் டாக்டரிடம் ஓடினார், கால் முழுக்கச் சரளைக்கல் குத்தி இருந்ததை நானே துடைத்துவிட்டேன், அதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அதே அத்தைதான் மறுநாள் காலையில் என்னைப் பார்த்து, ஏனம்மணி, உங்கண்ணன் சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல உழுந்தானாமே என்று கேட்டார். மாமா ஆறாவது படிக்கும்போது காலையில் சாப்பிடாமல் போய் வெயிலில் கொடிவணக்கத்துக்கு நின்று மயங்கி விழுந்தார், அவ்வளவுதான், அதற்குப் பிறகு நாற்பது மூட்டை மஞ்சளை ஒரே நாளில் லாரி ஏற்றிய ஆள். யார் கேட்டார்கள். நோய் என் பிறந்த வீட்டிலிருந்து வந்தது என்று அன்று காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. அதனால் ஆடியில் நம் குலசாமிக்கு மாமாதான் தெண்டமாகக் கறுப்புக் கெடா கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றும் முடிவானது. அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. நம் வீட்டுக்கென்று அத்தை போட்டது. மாமாவும் மறுபேச்சு பேசாமல் வருசா வருசம் கொண்டுவந்தார். எம்பட மருமவளுக்குத்தானுங்களே, பத்துக் கெடா கேட்டாலும் கொண்டாரேன் என்பார். கோவிலில் அவரை எல்லோரும் மரியாதையாக, வாங்க வாங்க என்றுதான் கூப்பிடுவார்கள். கெடாவின் கயிறு கையில் இருக்கும்வரை நோய் யார் பக்கம் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

கெடாகூடப் பரவாயில்லை. அந்த முடிவு என்னை என்ன செய்தது என்று உனக்குச் சொன்னதே இல்லை. உனக்குச் சைக்கிள் வாங்கலாம் என்றேன், உங்க பக்கத்து நோவு, நீ பேசாத அம்மணி என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களிடம் சொல்லிவைக்கலாம் என்றேன், வெளிய தெரிஞ்சா உனக்கென்ன, எங்க கொலம் பாழாகும் என்றார்கள். மொஹாலியில் இடம் கிடைத்தபோது நீயே சண்டை போட்டு ஜெயித்தாய், என்னால் உன் பக்கத்தில் நின்றுகொண்டு பாத்திரம் கழுவத்தான் முடிந்தது. என் மகளைப் பற்றிய எந்தப் பேச்சிலும் எனக்கு வாய் இல்லாமல் போனது இந்த ஒரே காரணத்தால். நான் பதினெட்டு வயதில் இந்த வீட்டுக்கு வந்தவள், அடுத்த வருடம் நீ. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டே தபாலில் பட்டம் வாங்கினேன். எத்தனையோ புத்தகம் படித்தேன். ஆனாலும் அவர்கள் சொன்னதை ஒரு ஓரத்தில் நானும் நம்பிக்கொண்டுதான் இருந்தேன் மதி.

மே மாத விடுமுறையில் உன் ரத்தம் எடுத்தார்களே, அதில் ஒரு மரபணு சரியில்லை என்று தெரிந்தது வரைக்கும் உனக்குத் தெரியும். அது யாரிடமிருந்து வந்தது, அல்லது உன்னிடமே புதிதாக ஆரம்பித்ததா என்று பார்க்க அப்பா அம்மா இரண்டு பேருடைய ரத்தமும் வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அன்று அப்பா கடையில் அவசர வேலை என்று வரவில்லை, எம்படது எதுக்கு, உன்றது குடுத்தாப் போதுமே என்றுவிட்டார். நான் மட்டும் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. உடனே இந்த வீடு என்ன செய்தது தெரியுமா, மாமாவை வரவழைத்தது. அவளுக்கு இல்லாட்டி அவங்கண்ணனுக்கு இருக்கும், எங்க போயிரும் என்று அத்தை சொல்லி, மாமா பாவம் விடியற்காலை பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு வந்து, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். கெடா கொண்டார்றவன் நாந்தானுங்க, ரத்தமும் நானே குடுத்தர்றேன் என்றார். டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சின்ன வயதுப் பெண், பெயர் ஹாரிகா, இதற்கென்றே தனியாகப் படித்தவர். அண்ணா, உங்க தங்கச்சிகிட்ட இல்லாதது உங்ககிட்ட இருந்தாலும் உங்க மருமகளுக்கு எப்படிங்க போகும், நீங்க போய் முதல்ல டிபன் சாப்பிடுங்க, எனக்கு அப்பாவோட ரத்தம்தான் வேணும் என்று அனுப்பிவிட்டார். மாமா கீழே உணவகத்தில் மூன்று தோசை சாப்பிட்டார். ரத்தம் கொடுக்க முடியாமல் போனது அவருக்கு வருத்தம்தான்.

அப்பாவைச் சம்மதிக்க வைக்க எனக்குப் பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. அந்த நாட்களில் நான் உன் நோயைப் படித்தேன். பஸ்ஸில் படித்தேன், இங்கே மேசைக்குக் கீழே வைத்துப் படித்தேன், புரியாததை ஹாரிகாவுக்கு அனுப்பிக் கேட்டேன். நீ கணக்குப் படிக்கிறவள், உயிரியல் என்றால் எட்டாம் வகுப்பிலேயே முகத்தைச் சுளிப்பாய், ஆனால் இதைப் படி, இது உன் உடம்பு. ஒரு செல்லுக்குக் கண் இல்லை, நாக்கு இல்லை, பசிக்கிறது என்று சொல்ல வாயும் இல்லை. ஆனாலும் சாப்பாடு வந்து சேர்ந்ததா இல்லையா என்று அதற்குத் தெரிந்தாக வேண்டும். வந்திருந்தால் வளரலாம், புதிதாகப் புரதம் செய்யலாம். வராவிட்டால் வளர்ச்சியை நிறுத்திவிட்டு, உள்ளே கிடக்கும் பழசைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும். நிறுத்தத் தெரியாத செல், இல்லாத சரக்கை வைத்து வீடு கட்ட ஆரம்பித்துவிடும். இதை அது எப்படி அறிகிறது என்றால், புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதாலும் விடுவதாலும்தான். லூசின் என்று ஒரு அமினோ அமிலம், வேறொன்றுமில்லை, நம் துவரம்பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருப்பது. அதைக் கண்டுகொள்வதற்கென்றே ஒரு புரதம் இருக்கிறது. லூசின் இல்லாதபோது அது இன்னொரு புரதக் கூட்டத்தை இறுகப் பிடித்து வைத்திருக்கும். லூசின் வந்து அதன் மடிப்புக்குள் உட்கார்ந்ததும் பிடியை விட்டுவிடும். விடுபட்ட கூட்டம் போய் ஒரு பிரேக்கைத் தளர்த்தும். பிரேக் தளர்ந்தால் வளர்ச்சியின் சுவிட்ச் வேலை செய்யும். அந்தப் பிரேக் என்பதும் மூன்று புரதங்கள் சேர்ந்து நிற்பதுதான். அந்த மூன்றில் ஒன்றைச் செய்கிற மரபணு எல்லோருக்கும் இரண்டு பிரதி இருக்கும், ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. உனக்கு அதில் ஒரு பிரதி சரியில்லை. மற்றது நன்றாக இருப்பதால் நீ வளர்ந்தாய், படித்தாய், என்னோடு சண்டை போட்டாய். மூளையில் எங்கோ ஒரு சின்ன இடத்தில் மட்டும் அந்தப் பிரேக் போதவில்லை, அங்கேயுள்ள செல்கள் தாறுமாறாக மின்சாரம் பாய்ச்சுகின்றன என்றுதான் நினைக்கிறார்கள். முழுக்க இன்னும் யாருக்கும் தெரியவில்லை என்பதையும் ஹாரிகா மறைக்கவில்லை, அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது. அப்படியானால் பருப்பைக் குறைத்துவிடலாமா என்று நான் கேட்டேன். கேட்காமல் இருப்பேனா. வேண்டவே வேண்டாங்க அக்கா, பிரேக் தேய்ஞ்ச வண்டிக்குப் பெட்ரோலக் குறைச்சா சரியாயிருமா, புள்ளைக்கு நல்லா சாப்பாடு போடுங்க, மாத்திரையை விடாம குடுங்க, நல்லாத் தூங்கச் சொல்லுங்க என்று சொல்லிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை முடிவைச் சொல்லக் கூப்பிட்டார்கள், அப்பாவும் நானும் போனோம். அந்தச் சரியில்லாத பிரதி அப்பாவிடம் இருக்கிறது மதி. உனக்கு அப்பாவிடமிருந்துதான் வந்தது. நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் இதுதான். ஹாரிகா சொல்லி முடித்ததும் அப்பா மேசைமேல் இருந்த பேனா ஸ்டாண்டை ஓரமாக நகர்த்தினார். அப்புறம் அவருக்குத் தெரிந்த வழியில் கேட்டார். நான் போர் மோட்டார் காயில் கட்டறவனுங்க டாக்டர், போர்ல தண்ணி இல்லாமப் போனா மோட்டார் தானா நிக்கறதுக்கு ஒரு கட் ஆப் வெப்போம், அது வேலை செய்யலைன்னா வெறும் போர்ல ஓடி காயில் கருகிப்போகும், அந்த மாதிரிங்களா என்றார். ஹாரிகாவும் இந்த ஊர்ப்பெண்தானே, கிட்டத்தட்ட அப்படியேதாங்க என்றார். அப்ப எம்படதுலயும் அந்தக் கட் ஆப் சரியில்லீங்களா என்றார் அப்பா. ஆமாங்க, பாதி என்றார் அவர். நான் ஒரு நாளும் உழுந்ததில்லீங்களே. உங்களுக்கு அது தேவைப்படாமலே போயிருக்குதுங்க, இதை வெச்சிக்கிட்டு ஒரு தடவைகூட வலிப்பு வராம இருக்கறவங்க நிறையப் பேர் இருக்காங்க, உங்க அக்காவுக்கும் இருக்கலாம், அவங்க பையனுக்கும் இருக்கலாம், யாருக்கும் இல்லாமலும் இருக்கலாம், டெஸ்ட் பண்ணினாத்தான் தெரியும் என்றார். அப்பா ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். வண்டியில் திரும்பி வரும்போது சத்தி ரோடு சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தார், பின்னால் ஹாரன் அடித்தார்கள், நான்தான் முதுகைத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தால் அத்தை வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மகன் கவின் காரில் கொண்டுவந்து விட்டிருக்கிறான். கவினுக்குக் கோபிப் பக்கம் ஒரு பெண் பார்த்து எல்லாம் பேசி முடித்தாயிற்று, ஆடி கழிந்ததும் உறுதி செய்ய வருகிறார்கள், பெண் பெயர் வர்ஷினி, மாஸ்டர் டிகிரி, உனக்குப் போட்டோ அனுப்பியிருப்பானே. அத்தை எனக்குக் காபி போட விடாமல், உக்காரு அம்மணி, என்ன சொன்னாங்க அந்தப் பாப்பா என்று கேட்டார். அப்பா கால் கழுவப் போனவர் வரவே இல்லை. பின்பக்கக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. கவின் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அத்தையும் பார்த்தார். பன்னிரண்டு வருடமாக என் வாயில் இல்லாத ஒன்று அப்போது வாய்க்குள் இருந்தது. உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்று ஒரு மூச்சில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தித்தித்திருக்கும், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

நான் சொல்லவில்லை. பயத்தால் விடவில்லை, அத்தைக்குப் பாவம் பார்த்தும் விடவில்லை, கவின் கல்யாணம் நின்றுவிடுமே என்று கொஞ்சம் தோன்றியது உண்மை, ஆனால் அதுவும் காரணம் இல்லை. அதைச் சொல்லிவிட்டுப் பேசினால், பேசுவதற்கான உரிமையை அந்த ரத்தப் பரிசோதனைதான் எனக்குக் கொடுத்தது என்று ஆகிவிடும். என் ரத்தத்தில் இருந்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அவர்கள் இத்தனை நாள் சொன்னதை நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதற்கு நான் தயாராக இல்லை. அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலே சொல்லாமல், மதி அங்கதான் இருப்பாளுங்க அண்ணி, படிப்ப முடிச்சிட்டுத்தான் வருவா, அவளக் கூட்டிட்டு வர யாரும் போக வேண்டியதில்லைங்க என்றேன். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் கேட்டதென்ன, நீ சொல்றதென்ன, உங்க பக்கத்து நோவ வெச்சிக்கிட்டு நீ இப்படிப் பேசலாமா லோகா என்றார். எந்தப் பக்கத்து நோவா வேணா இருக்கட்டுங்க, பேசறவ நாந்தான், பெத்தவ நாந்தானுங்களே என்றேன். குரல் உயரவில்லை. இன்னொண்ணும் சொல்லிப்போடறேங்க அண்ணி, இந்த ஆடிக்கு எங்கண்ணன் கெடா கொண்டு வரமாட்டாங்க, சாப்பிட மட்டும் வருவாங்க என்றேன். சாமி கேட்டா என்னம்மணி சொல்லுவ என்றார். சாமி கேட்டா நான் சொல்லிக்கறனுங்க, நீங்க காபி சாப்பிடுங்க என்றேன். கவினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அத்தை அவன் தொடையில் ஒன்று வைத்தார். காபி குடிக்காமலே கிளம்பிவிட்டார்கள். அவர்கள் கார் திரும்பிய பிறகுதான் குழாய் நின்றது.

அன்றிலிருந்து அப்பா என்னோடு அளவாகத்தான் பேசுகிறார். சாப்பாடு எடுத்து வை, கரண்ட் வந்துவிட்டதா, இவ்வளவுதான். கோபமா வெட்கமா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நேற்றுக் கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், கருகின காயில் ஒன்றைப் பிரித்துப் போட்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார், என்னைப் பார்த்ததும் ஒயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தார். டிக்கெட்டை இன்னும் ரத்து செய்யவில்லை. நான் கேட்கவும் இல்லை. உனக்குச் சொல்வது இதுதான். அப்பா அங்கே வந்து விடுதி வாசலில் நின்றால் ஓடிப்போய்க் கட்டிக்கொள், நல்ல சாப்பாடு வாங்கிக் கொடு, உன் வகுப்பறையைக் காட்டு, அக்ஷிதாவோடு பேசவிடு. ஆனால் பெட்டி கட்டாதே. அழுதால் நீயும் கூட அழு, அழுதுகொண்டே பெட்டி கட்டாமல் இரு. அம்மா வேண்டாம் என்றாள் என்று சொல். என் பெயரைத் தாராளமாகச் சொல், நான் அதற்குத்தான் இருக்கிறேன். அப்பாவிடம் இருந்து வந்தது என்பதற்காக அவரைக் குறையாக ஒரு பார்வைகூடப் பார்க்காதே. அவர் உனக்குக் கொடுத்ததில் அதுவும் ஒன்று, அந்த மூக்கும் ஒன்று, மனக்கணக்குப் போடும் மூளையும் ஒன்று. யாரும் யாருக்கும் தெரிந்து கொடுப்பதில்லை. நீ நாளைக்கு இதை நினைத்து, எனக்குக் கல்யாணம் குழந்தை என்று ஒன்றும் வேண்டாம் என்று மூலையில் உட்கார்ந்து முடிவு எடுக்கவும் வேண்டாம். அப்படி ஒரு பேச்சு வரும்போது முதலில் அந்தப் பையனிடம் நீயே சொல்லிவிடு, நாங்கள் யாரும் மறைக்க மாட்டோம், அதைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவன் போகட்டும்.

மற்றபடி இங்கே ஆடிக் காற்று, துணி காயப்போட்டால் பக்கத்து வீட்டு பங்காரம்மா மாடியில்தான் போய் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்தம்மா உனக்கென்று ஆவக்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுத்திருக்கிறார், பார்சலில் இரண்டு பாலித்தீன் சுற்றியிருக்கிறேன், அப்படியும் கசிந்தால் என்னைத் திட்டாதே. சிறுவாணித் தண்ணீர் இப்போது ஒழுங்காக வருகிறது. என் நூலகத்துக்குப் புதிதாக இரண்டு பீரோ வந்திருக்கிறது, ஒன்றில் அறிவியல் புத்தகமாக வாங்கி அடுக்கப்போகிறேன், தலைமையாசிரியர் என்ன சொன்னாலும் சரி. நீ காலையில் சாப்பிடாமல் வகுப்புக்கு ஓடாதே. பரீட்சைக்கென்று விடிய விடிய முழித்துப் படிக்காதே, தூக்கம் கெட்டால்தான் உனக்கு வருகிறது என்று உனக்கே தெரியும். யூடியூபில் யாராவது பட்டினி இரு, இதைச் சாப்பிடு அதை விடு என்றால் ஹாரிகாவிடம் கேட்காமல் எதையும் செய்யாதே. பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போடாமல் சாத்து, அக்ஷிதா தப்பாக நினைக்க மாட்டாள். உன் பேராசிரியரிடம் சொல்லிவைத்துவிட்டேன் என்றாயே, அதைக் கேட்டபோது எனக்கு எவ்வளவு நிம்மதி என்று போனில் சொல்ல முடியவில்லை, இப்போது சொல்கிறேன். நான் உன் பள்ளிக்கூடத்தில் சொல்ல முடியாததை நீயே உன் வாயால் சொல்லிக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை கோவில். மாமாவிடம் போன் செய்து, கெடா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏம்மணி, உனக்கு ஏதாச்சும் பொல்லாப்பு வந்துறாதா என்று கேட்டார். வரட்டும் என்றேன். உன் அப்பா அங்கே வருவாரா, வந்தால் என்ன சொல்வார், எனக்குத் தெரியாது. யாரும் என்னோடு நிற்காவிட்டாலும் நான் சொன்னது சொன்னதுதான்.

நீ நூறு வயது இருந்து உனக்குப் பிடித்த கணக்கையெல்லாம் போட்டு முடிக்க வேண்டும், உன் தலைக்குமேல் என் கை எப்போதும் இருக்கிறது என்று நினைத்துக்கொள். ராத்திரி மாத்திரை. மறுபடியும் சொல்கிறேன், ராத்திரி மாத்திரை.

உன்னைப் பெற்ற,
லோகப்பிரியா

பி.கு. திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை நான் போவதற்குள் தபால் கவுன்ட்டரை மூடிவிட்டார்கள், அதனால் நேற்று நடந்ததையும் எழுதி ஒட்டுகிறேன். மாமா ஒரு தார் பூவன்பழத்தோடு வந்தார். அத்தை எல்லோர் முன்னாலும், ஏனுங்க தமிழ்ச்செல்வா, கெடா எங்கீங்க என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்டாவுக்குப் பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்ற அப்பா, அவிய எதுக்குக்கா கெடா கொண்டாரோணும், எம்பட ரத்தத்துல இருந்துதான் புள்ளைக்கு வந்துருக்குது, டாக்டர் எம்பட மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போட்டாங்க என்றார். பங்காளிகள் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்ப நீ வெட்டோணும்டா கெடா என்றார் அத்தை. தப்புப் பண்ணுனாத்தானுங்க்கா தெண்டம், இதுல யாரும் தப்புப் பண்ணல என்று சொல்லிவிட்டு அப்பா மாமாவுக்கு இலை போட்டார். கோவிலில் அரிசியும்பருப்புச் சோறும் நெய்யும் அப்பளமும்தான் சாப்பாடு. அத்தை சாப்பிடாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டார், இதுவரை போன் எடுக்கவில்லை. கவின் இருந்து சாப்பிட்டான், ரத்தப் பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டான். வர்ஷினி வீட்டுக்கு அவனே போன் செய்து சொல்லிவிட்டான், அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்றுச் சாயங்காலம் அப்பா டெல்லி டிக்கெட்டில் ஒன்றை ரத்து செய்தார். திரும்பி வருவதற்கு இப்போது அவரிடம் ஒரு டிக்கெட்தான் இருக்கிறது.